திரை விலகாத வெள்ளிக்கிழமை

துறைமுக அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்த ஆண்டுகளைச் சென்ற வாரம் எழுதினேன். அந்த வரிசையில் அடுத்து வரவேண்டியது வேறு. ஆயினும் எழுத உட்கார்ந்தால், அண்மைய ஆண்டு ஒன்றின் ஆடி வெள்ளிதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை முதலில் இறக்கிவைத்துவிடுகிறேன்.

தாராவியில் எங்கள் அம்மன் கோயிலின் தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கருவறைக்கு முன்னால் மஞ்சள் பட்டுத் திரை தொங்கியது. காலை ஒன்பது மணிக்கு விலகியிருக்க வேண்டிய திரை. அப்போது பகல் ஒரு மணி.

நான் பாடிக்கொண்டிருந்தேன். காலை ஐந்தரைக்கு எடுத்த குரல். என்னோடு பாட வந்த மூவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு பதிகம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் ஒரு மிடறு வெந்நீர், அவ்வளவே.

திரைக்கும் தரைக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி. அதில், உள்ளே அலங்காரம் செய்யும் முத்துக்குட்டியின் பாதங்கள் தெரிந்தன. வலப் பாதத்தின் மேல் சிந்திய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அந்தப் பாதங்கள் ஓரடி முன்னால் போகும். ஓரடி பின்னால் வரும். மறுபடியும் முன்னால் போகும்.

கோயில் கமிட்டித் தலைவர், அரிசிக் கடை சங்கரலிங்கம், திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார்.

“ஏல முத்துக்குட்டி, ஆத்தாளுக்கு அலங்காரம் பண்ணுதியா, இல்ல கல்யாணமே பண்ணி வைக்கியா? ஜல்தி முடிடே. சனம் டூட்டிக்குப் போவணும்லா.”

“அஞ்சு நிமிசம் அண்ணாச்சி.”

அந்த ஐந்து நிமிடத்தை நாங்கள் ஒன்பது மணியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் முத்துக்குட்டியின் மனைவி பேச்சியம்மாள் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்து என் அருகில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது. குனிந்து என் காதருகே சொன்னாள்:

“ஐயா, பாட்ட நிறுத்துங்க.”

நான் பாடிக்கொண்டே தலையை அசைத்து மறுத்தேன். உள்ளங்கையைக் காட்டி, பொறு என்றேன்.

ஒன்பது பதிகம்

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அலங்காரத்துக்காகத் திரை போட்டது முதல் திரை விலகும்வரை பாட்டு நிற்கக் கூடாது. உள்ளே அம்மன் உடுத்திக்கொண்டிருக்கிறாள்; அந்த நேரத்தில் அவள் காதில் ஊர்ப்பேச்சு விழலாகாது, பாட்டுத்தான் விழவேண்டும் என்று கோயிலைத் தொடங்கியவர்கள் சொல்லிவைத்தார்கள்.

சந்தனக் காப்பு நாளில் ஒன்பது பதிகம் பாடுவோம். ஒன்பதாவது முடியும்போது மணி ஒன்பதை நெருங்கியிருக்கும். மணி அடிக்கும், திரை விலகும். முந்தைய அலங்காரக்காரர் இருந்த காலமெல்லாம் இது ஒரு நாளும் பிசகியதில்லை.

நான் பரம்பரையாகப் பாடுகிறவன் அல்லன். சுனாபட்டியில் ரயில் ஏறி டாக்யார்டு ரோட்டில் இறங்கும்வரை, கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்றபடி மனனம் செய்தவன். இறங்கும் நிலையம் வரும்போது பதிகம் பாதியில் இருந்தால் இறங்கமாட்டேன். பாதியில் விடுவது பாவம் என்பது என் எண்ணம். கடைசி நிலையம்வரை போய்ப் பாடி முடித்துவிட்டுத் திரும்பி வருவேன். இதற்காக அலுவலகத்தில் இருமுறை விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு யாராவது வந்தால் என் மனைவி சொல்லுவாள்: “இவிய பாட ஆரம்பிச்சா சாத்துன வீடு. தட்டினாலும் தொறக்காது.”

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக் கண்கள்

பழைய அலங்காரக்காரர் முதுமையால் மறைந்த பிறகு அந்தப் பணி முத்துக்குட்டிக்கு வந்தது. என்னைவிட முப்பது வயது இளையவன். ஆகையால் அவன் என்றே எழுதுகிறேன். தோல் பை செய்யும் பட்டறையில் வெட்டும் வேலை. அவன் கத்தி மயிரிழையும் பிசகாது என்பார்கள். தோல் தொட்ட கை அம்மனைத் தொடலாமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். “நீ இடுப்புல கட்டியிருக்க பெல்ட்டு வாழநாராடே?” என்று தலைவர் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சந்தனக் காப்பு பொறுமையான வேலை. அரைத்த சந்தனத்தைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்து வெண்ணெய்ப் பதம் வந்தபின் பாதத்திலிருந்து மேல்நோக்கிச் சாத்தவேண்டும். முகம் கடைசி. முகத்தில் புருவமும் உதடும் எழுதி, வெள்ளியில் செய்த கண்மலர் இரண்டையும் பதித்துவிட்டால் காப்பு முடிந்தது.

ஓர் ஆண்டு வெக்கையில் சந்தனம் இளகி, கண்மலர் ஒன்று நழுவி விழுந்தது. மறுபடி பதிக்க நேரமில்லை. முத்துக்குட்டி மற்றதையும் எடுத்துவிட்டு, தூரிகையால் மை தொட்டு இரு கண்களையும் எழுதிவிட்டான்.

அன்று திரை விலகியபோது குலவை எழவில்லை. பெண்கள் வாயருகே கொண்டுபோன கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். எழுபது ஆண்டுகளாக அவளை நான் பார்த்துவந்திருக்கிறேன். அவள் என்னைப் பார்த்தது அன்றுதான் என்று தோன்றியது. மிகை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

வெள்ளிக் கண்கள் அதன்பின் பேழைக்குள்ளேயே கிடந்தன. செம்பூரிலிருந்தும் ஆண்டாப் ஹில்லிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை சாத்திய காப்பு சனிக்கிழமை காலையில் கலையும். கலைத்த சந்தனத்தை உருண்டையாக உருட்டி வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுப்பார்கள். எத்தனை அழகிய முகத்துக்கும் ஒரு நாள்தான் ஆயுள். செய்தவனும் அத்தோடு மறந்துவிடுவான். செல்போன் அந்த ஆயுளை நீட்டித்துவிட்டது. போன வாரத்து முகம் திங்கட்கிழமையும் அவன் சட்டைப்பையில் இருந்தது.

ஒருநாள் அவன் அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி என் கண்ணருகே நீட்டினான்.

“இடது கண்ணு ஒரு நெல்லுமுன அளவு கீழ எறங்கியிருக்கு, பாத்தியளா ஐயா?”

“பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கு இது தெரியுமாப்பா?”

“அவளுக்குத் தெரியும்லா.”

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. நாலு பேரிடம் சொல்லி மகிழ்ந்தேன்.

அடுத்த காப்பன்று நான் ஒன்பதாவது பதிகத்தை முடித்தபோது மணி அடிக்கவில்லை. முகத்தை அழித்து எழுதிக்கொண்டிருந்தான். வழக்கத்தைக் காக்கவேண்டுமே என்று பத்தாவதை எடுத்தேன். என் மனத்தில் பெருமிதமும் இருந்தது. திரை எத்தனை நேரம் மூடியிருந்தாலும் என்னிடம் பாட்டுத் தீராது. அந்த ஆண்டு முழுவதும் பத்து பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டு பதினைந்தாயிற்று.

நாங்கள் இட்ட பெயர்

முத்துக்குட்டி பட்டறைக்குப் போவதை நிறுத்தினான். வீட்டுச் சுவர், எவர்சில்வர் தட்டு, காலண்டரின் பின்புறம் என எங்கும் கண்களை எழுதினான். சனிக்கிழமை கலைத்த சந்தனத்தை யாருக்கும் கொடுக்காமல் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு வீட்டில் அடுக்கினான். அவன் குடியிருந்தது ஒற்றை அறை. அடுப்பு மேடைக்கு மேலும் கீழும் டப்பாக்கள். சந்தனம் புளித்து வாடையெடுத்தது. கேட்டால், “அத்தனையும் அவ முகம். எப்படிக் கொடுக்க?” என்பான்.

பேச்சு வேகமாயிற்று. ஒரு வாக்கியம் முடியுமுன் அடுத்தது வந்தது. கண்கள் சிவந்திருந்தன. சிரித்தால் நிறுத்தமாட்டான்.

நாங்கள் இதற்கு அருள் என்று பெயரிட்டோம்.

வேறு பெயர் எங்களிடம் இல்லை என்றும் சொல்லலாம். நான் வாழ்நாளெல்லாம் ஓதிய பாடல்களில் இறைவனுக்கே பித்தன் என்று பெயர். உண்ணாமல் உறங்காமல் அவனை நினைத்து உருகியவர்களே அடியார்கள். பாட்டில் படித்ததை நேரில் கண்டுவிட்டதாக நினைத்தேன். வணிகக் கூட்டமும் இரைச்சலும் நிறைந்த இந்த ஊரில், தோல் வெட்டும் ஒருவனுக்கு அது வாய்த்ததே என்று உள்ளூரப் பொறாமையும் பட்டேன்.

அந்த ஆடி வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, பேச்சியம்மாள் சுனாபட்டியில் என் வீட்டுக்கு வந்தாள். மாட்டுங்காவில் நாலு வீட்டில் சமையல் வேலை அவளுக்கு. வேலை முடித்து நேராக வந்திருந்தாள்.

“அவிய தூங்கி ஆறு நாளாச்சு ஐயா. சோத்தப் போட்டா தட்டுல கண்ணு வரையுதாவ. நேத்து எனக்குக் காய்ச்சல். மத்தியானம் செத்த நேரம் கண்ணசந்துட்டேன். முழிச்சா கண்ணத் தொறக்க முடியல. இமை மேல சந்தனம் காஞ்சு கெடக்கு. எம்மூஞ்சி பூராம் பூசி, கண்ணு எழுதிக்கிட்டிருக்காவ. ‘அசையாத பேச்சி, அசையாத’ங்காவ.” 

அவள் அழவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

நான் திருநீற்றைத் தாளில் மடித்துக் கொடுத்தேன். “பயப்படாதேம்மா. இது நோயில்லை, அருள். எல்லாருக்கும் கிடைக்காது” என்றேன். அடியார் ஒருவரின் கதையையும் சொன்னேன்.

அவள் கதையை முழுவதும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

“அருளா இருந்தா ஒரு வாய் சோறு திங்க விடாதா ஐயா?”

தாளை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்: “அந்தப் பிள்ள சோத்தப் பத்திக் கேட்டுச்சு. நீங்க கதையச் சொல்லுதிய.”

பாதியில் நின்ற பாட்டு

வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். பத்தொன்பதாவது பதிகத்தின் ஐந்தாம் பாட்டில் இருந்தேன். நான் பொறு என்று கையைக் காட்டியும் பேச்சியம்மாள் எழுந்திருக்கவில்லை.

“நீங்க நிறுத்தினாத்தான் அவிய நிறுத்துவாவ ஐயா. பாட்டு ஓடுத வரைக்கும் கைய எடுக்கக் கூடாது, பாட்டு நின்னா வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம்னு பழைய அலங்காரக்காரர் அவியளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. நீங்க பாடிக்கிட்டே இருக்கிய. அவிய அழிச்சி அழிச்சி எழுதிக்கிட்டே இருக்காவ.”

ஐம்பது ஆண்டுகளாக நான் அந்தக் கோயிலில் பாடுகிறேன். திரைக்கு உள்ளே இப்படி ஒரு கட்டளை இருப்பது எனக்குத் தெரியாது. அவன் முடிக்கட்டும் என்று நான் பாடினேன். நான் முடிக்கட்டும் என்று அவன் எழுதினான். ஒன்பதோடு நின்றிருக்க வேண்டியதை, பத்தாவதாக ஒன்றை எடுத்து நீட்டியவன் நான்.

ஆறாம் பாட்டின் இரண்டாம் அடியில் நிறுத்தினேன்.

என் வாழ்நாளில் ஒரு பாட்டைப் பாதியில் விட்டது அந்த ஒருமுறைதான். மழைச் சத்தம் அப்போதுதான் கேட்டது. கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. திரைக்கு அடியில் பாதங்கள் நின்றன.

“ஐயா?” என்றது உள்ளிருந்து வந்த குரல். “ஏன் நிறுத்திட்டிய? பாடுங்க.”

நான் வெந்நீர்ச் செம்பை எட்ட நகர்த்தி வைத்தேன்.

“பாடுங்கய்யா. இன்னும் முடியல. கண்ணு வரல. ஒரே ஒரு பாட்டு.”

தலைவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதன்முறையாக அச்சத்தைக் கண்டேன். என் தொண்டை தானாக அடுத்த அடிக்கு எழும்பியது, பழக்கம் அப்படி. பேச்சியம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களில் வெங்காய வாடை. வாயை மூடிக்கொண்டேன்.

“ஐயா, கும்பிடுதேன் ஐயா.”

பிறகு உள்ளே கிண்ணம் ஒன்று உருளும் சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை. பேச்சியம்மாள் எழுந்து போய்த் தானே திரையை விலக்கினாள்.

அம்மனின் முகம் இரு மடங்கு பருத்திருந்தது. பூசியதன்மேல் பூசி, அதன்மேலும் பூசியிருந்தான். கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் விரலால் வழித்த இரு பள்ளங்கள். முத்துக்குட்டி பீடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நகக்கண்களில் இரத்தம் கசிந்து சந்தனத்தோடு உறைந்திருந்தது.

பின்வரிசையில் யாரோ குலவையிட்டார்கள். அதைக் கேட்டு இன்னும் பலர் இட்டார்கள். முகமில்லாத அம்மனுக்கு மங்கலக் குலவை. அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

பேச்சியம்மாள் தன் தலைப்பை நீரில் நனைத்து அவன் கையைத் துடைத்தாள். “போதும், வாங்க” என்றாள்.

செம்பூரில் ஒரு கேள்வி

அன்று மாலையே டாக்ஸியில் செம்பூருக்குப் போனோம். மனநல மருத்துவர் ஒருவரைப் பேச்சியம்மாள் வேலை செய்யும் வீட்டார் சொல்லியிருந்தார்கள். தமிழ்ப் பெண்மணி. எங்களுக்கு நடுவில் உட்கார்ந்த முத்துக்குட்டி வழியெல்லாம் காற்றில் விரலால் எழுதிக்கொண்டே வந்தான்.

மருத்துவர் பக்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை நாள் தூங்கவில்லை, எப்போது சாப்பிட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“கோயிலில் பாடுகிறவன்.”

“இன்னிக்கு எவ்வளவு நேரம் பாடினீங்க?”

“ஏழரை மணி நேரம்.”

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அப்ப உங்க பேர்லயும் ஒரு கேஸ் பேப்பர் போட்டுடலாமா?”

பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் முறை. சிரித்த பிறகு அழுதாள்.

அருளா நோயா என்று அவரிடம் கேட்டேன். “தூங்கவெச்சுப் பார்ப்போம். அருளா இருந்தா தூங்கி எழுந்த பிறகும் இருக்கட்டுமே” என்றார். 

சில வாரம் மருத்துவமனை. பின்னர் வீட்டில் மாத்திரை. மாத்திரையால் முதலில் கை நடுங்கியது, உடம்பு ஊதியது. டப்பாக்களைப் பேச்சியம்மாள் அவன் கண்ணெதிரில் ஒவ்வொன்றாகத் திறந்து கழுவினாள். தனக்குத் தெரியாமல் ஒன்றையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அவன் கேட்டிருந்தானாம். அவனுக்குத் தெரியாமல் செய்யமாட்டேன் என்று அவளும் சொன்னாளாம்.

என்னோடு அவன் இரண்டு மாதம் பேசவில்லை. ஒருநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டான். “நீங்க நிறுத்தாம இருந்திருந்தா அன்னைக்கு முடிச்சிருப்பேன் ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். அவன் அதை நம்பினான். ஒருகால் இன்றும் நம்பக்கூடும்.

பதினொரு பாட்டு

தை மாதத்தில் அவன் மறுபடியும் காப்புச் சாத்தலாம் என்று மருத்துவர் சொன்னார். கமிட்டியில் பாதிப் பேருக்கு உடன்பாடில்லை. பேச்சியம்மாளுக்கும் இல்லை. ஆனால் பட்டறையில் தோல் வெட்டிவிட்டு வந்து, மீதி நேரமெல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை அவளால் பார்க்க முடியவில்லை. சில நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டாள். உடம்புக்கு வேறு இருவர் சந்தனம் சாத்துவார்கள். முகம் மட்டும் அவனுக்கு. கண்ணுக்கு வெள்ளிக் கண்மலர். முகத்துக்கு ஒரே ஒரு பதிகம். அதன் பதினொரு பாட்டு முடிந்தால் நான் நிறுத்திவிடவேண்டும்.

அன்று அவள் எனக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் பாட்டுக்கு வந்தபோது என் குரல் தானாகத் தாமதித்தது. இழுத்துப் பாடினால் அவனுக்கு இன்னும் இரண்டு நிமிடம் கிடைக்குமே என்று மனம் கணக்குப் போட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பழைய வேகத்துக்கே திரும்பினேன். உரிய நேரத்தில் பதினொன்றையும் முடித்தேன்.

திரைக்கு அடியில் பாதங்கள் தெரிந்தன. ஓரடி முன்னால் போயின. அங்கேயே நின்றன.

பாதங்கள் பின்னால் வந்தன. மணி அடித்தது.

முகம் நன்றாக இருந்தது, முன்போல இல்லை. வலப் புருவத்தில் நடுக்கம் தெரிந்தது. வெள்ளிக் கண்கள் எங்கோ பார்த்தன. “கண்ணுல பழைய உயிரு இல்ல, பாத்தியா?” என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். அது உண்மைதான். இறங்கி வந்த முத்துக்குட்டிக்கும் அது கேட்டது. அவன் திரும்பி அம்மனைப் பார்த்தான். சற்று நேரம் பார்த்தான். பிறகு தோள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, “பசிக்கி பேச்சி” என்றான்.

அவள் தூக்குச் சட்டியைத் திறந்தாள். எலுமிச்சம்பழச் சோறு. பிரகாரத்திலேயே உட்கார்ந்து தின்றான்.

மறுநாள் காலையில் காப்பு கலைத்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். முத்துக்குட்டியே உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். என் உள்ளங்கையில் வைத்த உருண்டையில் மையின் கீற்று ஒன்று ஓடியிருந்தது.

“இது எந்தப் புருவம்?” என்று கேட்டேன்.

“பாக்கலியே ஐயா” என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நீண்டிருந்த கையில் அடுத்த உருண்டையை வைத்தான்.